அப்பாவின் எலும்புக்குள் வைத்த மருந்து மணிகள்: கிட்னி என்ன ஆகும்?

அப்பாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஆன்டிபயாடிக் மணிகளை வைத்துத் தைத்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவரின் மகன் என்று யார் பேசினாலும் கேட்டது ஒன்றுதான்: "உள்ளேயே மருந்தை வச்சுத் தச்சுட்டா கிட்னி என்னங்க ஆகும்?" எனக்கும் முதலில் அதே பயம்தான். அப்பாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. ஆபரேஷனுக்கு முன்பே கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.4, கொஞ்சம் கூடுதல்தான். ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்த விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்காகப் படித்ததும், டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணப்பாறை பக்கம் மொபெட்டில் வந்துகொண்டிருந்தவரை ஒரு வேன் தட்டியது. கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்று இரவே கழுவி, பிளேட் வைத்து, ஸ்குரூ போட்டார்கள். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தழும்பின் கீழ்முனையில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சீழ். முதலில் பார்த்த இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்வரை வற்றும், நிறுத்திப் பத்து நாளில் மறுபடி வரும். உடனே வேறு மாத்திரை, அதைவிட விலை கூடிய மாத்திரை. இப்படியே ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட உள்ளிருந்து சதையோ எலும்போ எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் டெஸ்டுக்கு, அனுப்பவில்லை. ஓட்டையின் வாயில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து ஒரு டெஸ்ட் செய்தார்கள், அவ்வளவுதான். மேலே தோலில் இருக்கும் கிருமியும் உள்ளே எலும்பில் இருக்கும் கிருமியும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பிறகு திருச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் செய்தது எல்லா ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்தியதுதான். அம்மா பதறிப் போனார். மருந்து உடம்பில் இருந்தால் கல்ச்சரில் கிருமி முளைக்காது, அதனால்தான் நிறுத்துகிறோம் என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் ஏறினால் அந்த நிமிடமே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆபரேஷன் அன்று உள்ளே ஐந்து வெவ்வேறு இடங்களில் இருந்து, ஒவ்வொன்றுக்கும் புதுக் கருவி எடுத்து, சாம்பிள் அனுப்பினார்கள். ஐந்தில் நான்கில் ஒரே கிருமி வந்தது: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். எலும்புச் சீழில் உலகம் முழுக்க அதிகமாகப் பிடிபடுவது இதுதான்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் ஒரு சின்ன பாட்டிலை என் கையில் கொடுத்தார். உள்ளே சுண்டுவிரல் நக அளவுக்கு ஓர் எலும்புத் துண்டு. தந்தம் மாதிரி வெள்ளை, ஓரம் கறையான் அரித்த மரம் போல. "இது செத்த எலும்பு தம்பி. இதுக்கு ரத்த ஓட்டமே இல்ல. நீங்க ஏழு மாசம் கொடுத்த மாத்திரையெல்லாம் ரத்தத்துலதான் போகும். ரத்தம் போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்?" என்றார். ஏழு மாதம் நாங்கள் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வாக்கியம் விளக்கம் சொல்லிவிட்டது. இது போதாதென்று, கிருமிகள் செத்த எலும்பின் மேலும் பிளேட்டின் மேலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிக்குமே, கிட்டத்தட்ட அப்படி. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, ரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்வதைப்போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அவ்வளவை ஊசி வழியாக ஏற்றினால் கிருமிக்கு முன் கிட்னியும் காதும் போய்விடும்.

இந்த முட்டுக்கட்டைக்குக் கண்டுபிடித்த வழிதான் மருந்தை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைப்பது. புதிது என்று பலர் நினைக்கிறார்கள், புதிதில்லை. 1970-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்கோல்ட்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடன் வேலை செய்த எங்கெல்பிரெக்டும், செயற்கை மூட்டை ஒட்டப் பயன்படும் எலும்பு சிமென்ட்டில் ஆன்டிபயாடிக் கலந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வருவதை எழுதினார்கள். சிமென்ட் இறுகும்போது நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டிலும் கெடாத மருந்து வேண்டும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதைத் தாங்கியது. பிறகு அதே நாட்டில் கிளெம் என்பவர் அந்தச் சிமென்ட்டைச் சின்னச் சின்ன மணிகளாக்கிக் கம்பியில் கோத்தார். 7 மில்லிமீட்டர் மணி, ஒரு சரத்துக்கு முப்பது மணி என்று அது கடைக்கும் வந்தது. அந்தச் சரம் கிடைக்காத இடங்களில் டாக்டர்களே ஆபரேஷன் மேசையில் சிமென்ட்டைப் பிசைந்து சீடை உருட்டுவதுபோல உருட்டிக் கம்பியில் கோத்துவிடுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்குத் தொண்ணூறுகளில் தொடையில் அப்படி வைத்தார்கள். சிமென்ட் கரையாது. அதனால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். முதல் சில நாள் மருந்து வெள்ளமாக வரும், அப்புறம் சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அந்தச் சொட்டு கிருமியைக் கொல்லப் போதாது. ஆனால் மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்ள அது போதும். மருந்து தீர்ந்த மணி, கிருமி ஒட்டிக்கொள்ள இன்னொரு பரப்பாகவும் ஆகிவிடலாம். மணியை மறந்து உள்ளேயே விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பெரியப்பா இரண்டாவது ஆபரேஷனுக்குப் பயந்து எட்டு மாதம் போகாமல் இருந்தார். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

அப்பாவுக்கு வைத்தது கரையும் மணி. கால்சியம் சல்பேட். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று டாக்டரிடம் கேட்டேன். "மாவுக்கட்டு போடுவோம்ல, அந்த மாவுதான். ரொம்பச் சுத்தம் பண்ணது" என்றார். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. எலும்புக்கு வெளியே கட்டுகிற மாவை எலும்புக்கு உள்ளே வைக்கிறார்களா என்று. 1892-லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளை இந்த மாவால் நிரப்பியிருக்கிறார். மாவுடன் மருந்துப் பொடியைச் சேர்த்து, குழைத்து, ரப்பர் அச்சில் வழித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறுகி மணியாகிறது. மிச்சமான மணி இரண்டை ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை வெளேர். சாதாரணமாக ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும். எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை.

சரி, கிட்னிக்கு வருவோம். எனக்குப் பயத்தைப் போக்கியது ஒரு சாதாரணக் கணக்கு. அப்பாவின் காலில் வைத்தது மொத்தம் 2 கிராம் வான்கோமைசின் (இதுவும் ஓர் ஆன்டிபயாடிக்), 480 மில்லிகிராம் ஜென்டாமைசின். கேட்க அதிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வான்கோமைசினை ஊசியாகக் கொடுத்தால் வழக்கமாக ஒரு கிராம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை. அதாவது ஒரே நாளில் 2 கிராம். எலும்புச் சீழுக்கு ஆறு வாரம் என்று வைத்தால் 84 கிராம், அத்தனையும் ரத்தத்தில் சுற்றிக் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். எலும்புக்குள் வைத்தது முழுவதும் ரத்தத்துக்கு வந்தால்கூட வான்கோமைசினில் ஒரு நாள் அளவுதான், ஜென்டாமைசினில் ஒன்றரை நாள் அளவு. அதுவும் ஒரே மூச்சில் வராமல் நாட்கணக்கில், வாரக்கணக்கில் பிரிந்து வருகிறது. காயத்துக்குள் மருந்தின் அளவு லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும்போதே ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றுக்குப் பக்கத்திலோ, கண்டே பிடிக்க முடியாத அளவிலோதான் இருக்கிறது. இந்த மருத்துவம் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பாக இருப்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் "பெரும்பாலானவர்களுக்கு" என்ற வார்த்தையை நான் வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். கிட்னி அடிபட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அதிகமும் சீழ் பிடித்த செயற்கை முழங்கால், இடுப்பு மூட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு பெரிய சிமென்ட் கட்டியை வைப்பார்களே, அந்த மாதிரி இடங்களில். ஆலையிலிருந்து வரும் சிமென்ட்டில் 40 கிராம் பாக்கெட்டுக்கு அரை கிராம் அல்லது ஒரு கிராம் மருந்துதான் இருக்கும், தற்காலிகக் கட்டிக்கு டாக்டர்கள் அதற்கு மேல் மூன்று, நான்கு கிராம் என்று கையால் கலப்பார்கள், அப்படி இரண்டு மூன்று பாக்கெட் ஆனால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதோடு ஊசியிலும் அதே வான்கோமைசின் ஓடினால், நோயாளிக்கு ஏற்கனவே கிட்னி பலவீனமாக இருந்தால், சர்க்கரை இருந்தால், வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் சேர்ந்தால், ஆபத்து கூடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும். சேர்ந்தால்தான் அடிக்கும்.

எங்கள் டாக்டர் அப்பாவின் கிரியேட்டினினைப் பார்த்து மூன்று முடிவு எடுத்தார். ஒன்று, மணியின் அளவைக் குழி நிரம்பும் அளவுக்கு மேல் வைக்கவில்லை. உள்ளே ஜென்டாமைசின் இருப்பதால் ஊசியில் அந்தக் குடும்பத்து மருந்தே கூடாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதினார். வலிக்கு பாராசிட்டமால், அதற்கு மேல் தேவைப்பட்டால் கிட்னியைத் தொடாத வேறு மருந்து. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் வாரம் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் 1.6 வந்தபோது வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. தண்ணீர் போதவில்லை என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். பத்தாம் நாள் 1.4. ஜென்டாமைசின் காதையும் தொடும், உடம்பின் நிதானத்தையும் கெடுக்கும், அது போனால் பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் காதில் இரைச்சல் இருக்கிறதா, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதா என்று நர்ஸ் அக்கா தினமும் கேட்பார். கேட்காத நாளில் நானே கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு பயம் ஆறாம் நாள் வந்தது, இதைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விடியற்காலை அப்பாவின் கட்டு முழுக்க நனைந்து கிடந்தது. பிரித்துப் பார்த்தால் தையலின் ஓரத்திலிருந்து வெள்ளையாக, நீர்த்த மோர் மாதிரி ஏதோ வழிகிறது. ஏழு மாதம் சீழ் துடைத்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மறுபடியும் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டாக்டர் வந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், சுற்றியிருந்த தோலை விரலால் அழுத்தினார். வாடை இல்லை, சிவப்பு இல்லை, சூடு இல்லை, காய்ச்சல் இல்லை. மணி கரையும்போது வரும் தண்ணீர் என்றார். கால்சியம் சல்பேட் வைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வருகிறது. தோலுக்குக் கொஞ்சம் கீழேயே எலும்பு இருக்கும், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் போன்ற இடத்தில் கூடுதலாக வரும், மணியை அதிகமாகத் திணித்தால் இன்னும் கூடும். அப்பாவுக்கு மூன்று வாரம் வடிந்து, தானாகவே நின்றது. அந்த மூன்று வாரமும் காலையும் மாலையும் கட்டு மாற்றியது நான்தான். பஞ்சில் படிந்தது காய்ந்த பிறகு விரலில் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிரும். சீழ் அப்படி உதிராது. அதற்காக வெள்ளையாக வருவதெல்லாம் மணித் தண்ணீர் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். ஈரமான கட்டை மாற்றாமல் வைத்திருந்தால் வெளியிலிருந்து புதுக் கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும். டாக்டர் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

கால்சியமும் உண்டு. மணி கரைந்தால் கால்சியம் எங்கே போகும், ரத்தத்துக்குத்தான். சிலருக்கு அது ஏறும். செயற்கை மூட்டைத் திரும்ப மாற்றிய 755 பேரைப் பார்த்த ஒரு ஆய்வில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியது, சுமார் 4 சதவீதம் பேருக்குக் காயம் கசிந்தது. கால்சியம் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது தானாக இறங்கிவிட்டது. கிட்னி பலவீனமானவர்களுக்கும் அதிக அளவு மணி வைத்தவர்களுக்கும்தான் கவனம் தேவை. முதல் இரண்டு வாரத்தில் நோயாளி காரணமில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், குழப்பமாகப் பேசினால், வாந்தி, மலச்சிக்கல் என்றால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினினுக்கு எடுக்கும் அதே ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

படித்ததில் எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் மெக்னலி என்ற அறுவை மருத்துவரும் குழுவினரும் நாள்பட்ட எலும்புச் சீழ் உள்ள 100 பேருக்குச் செத்த எலும்பை எடுத்துவிட்டு, கால்சியம் சல்பேட்டும் எலும்பின் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டும் சேர்ந்த சாந்தில் ஜென்டாமைசின் கலந்து நிரப்பினார்கள். 2016-இல் வந்த அந்த அறிக்கையில் 96 பேருக்குச் சீழ் போயிருந்தது. ஆறு பேருக்குக் காயம் கசிந்தது. மூன்று பேருக்கு அந்த இடத்தில் எலும்பு முறிந்தது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குழி தோண்டிய எலும்பு ஓட்டை விழுந்த மூங்கில் மாதிரி. மருந்து கிருமியைக் கொல்லும், அந்த எலும்பில் ஏறி நிற்கும் பலத்தைக் கொடுக்காது. சீழ் நின்றவுடன் நன்றாகிவிட்டது என்று நடக்க ஆரம்பிப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அப்பா மூன்று மாதம் வாக்கரோடுதான் நடந்தார், அதற்காக நான் அவரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

மணி வைப்பதால் மற்ற வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தப்பு. எங்கள் டாக்டர் ஆபரேஷனில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது சுத்தம் செய்யத்தான். எலும்பைச் சீவச் சீவ, உயிருள்ள இடம் வந்ததும் மிளகாய்ப் பொடி தூவியதுபோலப் புள்ளிப் புள்ளியாக ரத்தம் பூக்கும், அதுவரை நிறுத்தக் கூடாது என்று சொன்னார். செத்த எலும்பை உள்ளே விட்டுவிட்டு எத்தனை மணி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கிருமி எதற்கு அடங்கும் என்று தெரியாமல் வைப்பதும் அப்படித்தான்.

மணி வைத்தால் மாத்திரை வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், ஊசி ஒரு வாரத்தோடு முடிந்தது. முன்பெல்லாம் ஆறு வாரமும் ஊசிதான். பிரிட்டனில் 1,054 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், எலும்பு, மூட்டுச் சீழுக்குச் சரியான மாத்திரை ஊசிக்குக் குறைந்ததில்லை என்று வந்த பிறகு நிலைமை மாறியது. மணி வைத்தவர்களுக்கு மாத்திரையையும் ஏழு நாளோடு நிறுத்தலாமா, நாலு வாரத்துக்கு மேல் வேண்டுமா என்று ஒப்பிட்டு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தே இன்னொரு ஆய்வும் நடத்தினார்கள். உள்ளே வைக்கும் மருந்தால் உடம்பு முழுக்கப் போகும் மருந்தைக் குறைக்க முடியுமானால் அப்பா மாதிரிச் சர்க்கரைக்காரர்களுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாம் மாத எக்ஸ்ரேயில் மணிகள் காணவில்லை. முதல் நாள் படத்தில் குழி முழுக்க வெள்ளை வெள்ளையாக முத்துக் கொட்டி வைத்ததுபோல இருந்தது. ஆறாம் வாரம் மேகம் மாதிரி மங்கல். அப்புறம் ஒன்றுமில்லை. இப்போது ஐந்தாம் மாதத்தில் குழியின் ஓரத்திலிருந்து எலும்பு மெல்ல உள்நோக்கி வளர்ந்திருக்கிறது, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு இயல்பு நிலைக்கு வந்துவிட்டது, கிரியேட்டினின் 1.3. தோலில் ஓட்டை இருந்த இடம் ஒரு சின்னப் பள்ளமாக மூடியிருக்கிறது. முழுதாகக் குணம் என்று சொல்ல டாக்டர் இன்னும் ஒரு வருடமாவது கேட்கிறார், எலும்புச் சீழ் வருடங்கள் கழித்தும் திரும்பி வரக்கூடியது.

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு, அன்று அடுத்த கட்டிலில் இருந்தவரின் மகன் போன் செய்தார். அவருடைய அப்பாவுக்கும் மணி வைத்து ஐந்து நாள் ஆகிறதாம். "அண்ணே, வெள்ளையா ஏதோ வழியுது, மறுபடியும் சீழ் வெச்சிருச்சு போல" என்றார், குரல் உடைந்திருந்தது. வாடை இருக்கா, சுத்தி சிவந்திருக்கா, காய்ச்சல் இருக்கா என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். கட்டைப் பிரித்தபடியே ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பு, சுத்தமான பஞ்சு வைத்துப் புதுக் கட்டுப் போடு, காலையில் முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, அப்படியே கிரியேட்டினினும் கால்சியமும் எடுக்கச் சொல்லு என்றேன். எழுதிக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.